'ததி'யைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது?

கேள்வி: பர்மியச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'ததி' என்ற சொல் அதில் பல இடங்களில் வருகிறது: மழையில் நனைந்த பகோடாப் படிக்கட்டின் அறிவிப்பில், தாய் எழுதும் கடிதத்தில், கிழவர் மயங்கி விழும் காட்சியில், பிக்குவின் அறிவுரையில். எல்லா இடத்திலும் 'விழிப்புணர்வு' என்றே போட்டேன். படித்தவர்கள் சுகாதாரத்துறை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகர், யாங்கோன்)

பதில்: படித்தவர்கள் சொன்னது சரி. விழிப்புணர்வு என்ற சொல் இன்று டெங்கு, எய்ட்ஸ், சாலைப் பாதுகாப்பு இவற்றோடு ஒட்டிப்போய்விட்டது. முகாமுக்கும் பேரணிக்கும் அது பொருந்தும். கதையில் ஒரு தாய் பேசும்போது வந்தால் தாய் மறைந்து சுவரொட்டிதான் கண்ணுக்குத் தெரியும்.

'ததி' என்பது பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'ஸதி'. வடமொழி 'ஸ்மிருதி'யின் உறவு, வேர்ப்பொருள் நினைத்தல். பர்மியப் பேச்சில் அது பல கிளை விட்டிருக்கிறது. அறிவிப்புப் பலகையில் எச்சரிக்கை. 'ததி தா' என்றால் கவனமாக இரு. 'ததி யா' என்றால் ஞாபகம் வருகிறது, உன்னை நினைத்து மனம் ஏங்குகிறது. 'ததி லிட்' என்றால் மயக்கம்.

படிக்கட்டு அறிவிப்புக்கு 'வழுக்கும், கவனம்' போதும். ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிற இடத்தில் பெயர்ச்சொல்லே தேவையில்லை. 'பாத்துப் போ' என்பதைவிடத் தமிழான 'ததி தா' கிடையாது. 'விழிப்புணர்வுடன் படியேறினாள்' என்று எழுதியிருந்தால் 'ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறினாள்' என்று மாற்றுங்கள். கால் வழுக்கிச் சமாளித்தவருக்கு 'சுதாரித்துக்கொண்டார்' இருக்கிறது.

மற்ற மூன்று இடங்களுக்கும் என் பரிந்துரை ஒரே சொல்: நினைவு. தாய் எழுதுகிறாள்: 'எந்நேரமும் உன் நினைவாவே இருக்கு.' கிழவருக்கு நினைவு தப்புகிறது. பிக்கு சொல்கிறார்: 'அடி எடுத்து வைக்கும்போது நினைவு அந்த அடியிலேயே இருக்கட்டும்.' ஏக்கம், சுயநினைவு, கவனம் மூன்றையும் பர்மியச் சொல் தாங்குவதைப் போலவே தமிழ்ச் சொல்லும் தாங்குகிறது. இந்தப் பொருத்தம் மொழிபெயர்ப்பாளருக்கு அடிக்கடி வாய்க்காது, கைவிட்டுவிடாதீர்கள்.

'பிரக்ஞை' போடலாமே என்று தோன்றும். கிழவர் 'பிரக்ஞையற்றுக் கிடந்தார்' என்பது நல்ல தமிழ்தான். பிக்குவின் பேச்சில் மட்டும் வேண்டாம். பிரக்ஞைக்கு நேரான பாலிச் சொல் 'பஞ்ஞா'. பௌத்தத்தில் அது மெய்யறிவு, ஸதியிலிருந்து வேறான ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் பௌத்தம் அறிந்த வாசகர் அந்த இடத்திலேயே இடறுவார். 'ஸ்மரணை'யும் ஸதியும் ஒரே வேரில் பிறந்தவைதான். ஆனால் அதில் பழைய பத்திரிகைத் தொடர்கதையின் வாசம் அடிக்கும். துறைமுகக் கூலியாளின் வாயில் ஒட்டாது.

'உணர்வு' இன்னும் வழுக்கலான சொல். மணிமேகலை சார்புகளை, அதாவது ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் காரணச் சங்கிலியை, அடுக்கும்போது 'பேதைமை செய்கை உணர்வே' என்று தொடங்குகிறது. அங்கே உணர்வு என்பது பாலியின் 'விஞ்ஞாணம்', அதாவது அறியும் மனம். அதே அடுக்கில் பின்னால் வரும் 'நுகர்வு'தான் 'வேதனா'. இன்றைக்கோ உணர்வு என்றால் உணர்ச்சி, நுகர்வு என்றால் கடையில் வாங்குவது, விஞ்ஞானம் என்றால் சயின்ஸ், வேதனை என்றால் வலி. பாலியில் வேதனா இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூன்றையும் சேர்த்துக் குறிக்கும். ஒலி ஒத்துப்போகிறதே என்று நம்பி எடுத்தால் பொருள் கவிழ்ந்துவிடும்.

பழந்தமிழ் வாசம் வேண்டுமென்றால் 'கடைப்பிடி' என்ற சொல்லைப் பாருங்கள். இறையனார் களவியல் உரை இதற்கு 'கொண்ட பொருளை மறவாமை' என்று விளக்கம் தருகிறது. பௌத்த எண்வழியைத் தமிழில் எழுதுவோர் அதன் ஓர் உறுப்பான ஸம்மா ஸதியை (நல்ல ஸதி) 'நற்கடைப்பிடி' என்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். குறளின் 54-ஆம் அதிகாரமான 'பொச்சாவாமை'யும் மறதிக்கு இடம் கொடாமையையே பேசுகிறது. இரண்டும் அருமையான சொற்கள். ஆனால் கடைப்பிடி என்றதும் இன்றைய வாசகருக்கு விதிமுறைதான் ஞாபகம் வரும். முன்னுரையில் ஒரு வரி விளக்காமல் கதைக்குள் வைக்க வேண்டாம்.

தியானக் காட்சி பர்மியத் தியான ஆசானான பிக்கு மகாசி சயாடோவின் (1904–1982) முறையில் வந்தால் வினைகளைச் சின்னதாக வையுங்கள். வயிற்றசைவுக்கு 'எழுகிறது, தணிகிறது'. நடைக்கு 'தூக்கு, நகர்த்து, வை'. அங்கே 'நினைவு' என்ற சொல்கூட வேண்டியதில்லை, வினைகளே அந்த வேலையைச் செய்யும்.

எழுத்துக்கூட்டலிலும் ஓர் எச்சரிக்கை. பாலிச் சொல்லை அப்படியே வைப்பதானால் 'ஸதி' என்று கிரந்த எழுத்திலேயே எழுதுங்கள். 'சதி' என்று எழுதினால் பிக்கு சீடனுக்குச் சூழ்ச்சி சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

கடைசியாக, மூலத்தில் 'ததி' வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள். தாயின் கடிதமும் பிக்குவின் பேச்சும் ஒன்றையொன்று எதிரொலிக்கும்படி கதாசிரியர் வைத்திருந்தால், அந்த இரண்டு இடத்திலும் 'நினைவு' கட்டாயம் வர வேண்டும். அப்போது கிழவரின் மயக்கத்துக்குப் 'பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்' போன்ற வேறு தொடரைக் கொடுத்துவிடுங்கள்.