திரைக்குப் பின்னால் பேசாதீர்கள்

அன்புள்ள ஐயா,
நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. நோயாளியின் புறச்சூழலைச் செவிலியர் கோட்பாட்டாளர் மைரா லெவின் மூன்றாகப் பிரிப்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். வார்டில் அதனால் என்ன பயன்? பாதி மயக்கத்தில் கிடக்கும் முதியவர்களுக்குத்தான் சுற்றி நடப்பது எதுவும் தெரிவதில்லையே?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

புலன்களுக்கு எட்டுவது ஒன்று. கிருமி, கதிர்வீச்சு போலப் புலன்களுக்கு எட்டாமலே உடலைப் பாதிப்பது இரண்டு. மொழியும் நம்பிக்கையும் பழக்கமுமாக மனத்தில் இருப்பது மூன்று. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் "எதுவும் தெரிவதில்லை" என்று எப்படி எழுதினீர்கள்? அவர்களிடம் கேட்டீர்களா? 1859இல் வெளிவந்த தம் செவிலியர் நூலில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பட்டுப் பாவாடையின் சரசரப்பையும் சாவிக்கொத்தின் கிலுகிலுப்பையும்கூட அவர் விடவில்லை. உரத்த ஒலியைவிட, அடுத்து என்னவோ என்று மனத்தை எதிர்பார்க்க வைக்கும் ஒலியே நோயாளியை வதைக்கும் என்றும், அவர் காதுபட அறைக்குள் கிசுகிசுப்பது கொடுமை என்றும் எழுதினார்.

அதை நான் என் தந்தையின் கட்டிலருகே பார்த்தேன். அறுவைசிகிச்சை முடிந்து அவர் கண்மூடிக் கிடந்தபோது, பச்சைத் திரைக்குப் பின்னால் மருத்துவர் என் சித்தப்பாவிடம், காயம் நன்றாக ஆறுவதால் திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பாவின் காதில் விழுந்தது "வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்பது மட்டுமே. மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பதை நம் வீடுகளில் எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். அன்றிரவு அவர் கஞ்சியைத் தொடவில்லை. அத்தையை வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாடித்துடிப்பு ஏறியது, காய்ச்சல் இல்லை. இரவுப் பணியிலிருந்த செவிலியர்தான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன கேட்டீங்க அப்பா?" என்று விசாரித்து, மருத்துவர் சொன்னதை முழுவதுமாக எடுத்துச் சொன்னார். காலையில் அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார். காதில் விழுந்த பாதிப் பேச்சு முதல் சூழல், அதற்கு அவர் மனம் கொடுத்த பொருள் மூன்றாம் சூழல். இரண்டும் சேர்ந்துதான் நாடியை ஏற்றின. அந்தச் செவிலியர் தொட்டது மருந்தையல்ல, இவற்றைத்தான்.

சன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதாக 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வையும் உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். சன்னலை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, பேச்சு இருக்கிறது. நாளை ஷிப்ட் மாறும்போது, திரைக்கு அப்பால் நின்று பேசாமல் நோயாளியின் தலைமாட்டுக்குப் போய், பெயர் சொல்லி அழைத்து, அவருக்குக் கேட்கும்படி பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள்.