கதவுக்கு வெளியில வைச்ச தேத்தண்ணி

அன்பான அக்காவுக்கு,

நான் மானிப்பாய்ப் பக்கம், வயசு 45. இவருக்கு பாரிசவாதம் வந்து ஒண்டரை வருசமாச்சு, வலப்பக்கம் முழுக்க விழுந்துபோச்சு, கதையும் தெளிவா வராது, வயசு 51தான் பாருங்கோ. எழுப்பி இருத்துறது, குளிப்பாட்டுறது, பாம்பர்ஸ் மாத்துறது, பிசியோதெரபியில காட்டித் தந்த மாதிரி கைகாலை நீட்டி மடக்கிறது எல்லாம் நான்தான். நான் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. ஆர் கேட்டாலும் கர்த்தர் பெலன் தாறார் எண்டுதான் சொல்லுவன், விறாந்தையில "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" எண்ட பிலிப்பியர் 4:13 வசனம் பிரேம் போட்டுக் கொழுவியிருக்கு, அதுதான் எங்கட வீட்டு வசனம்.

ஆனா அக்கா மனுசர் எண்டும் இருக்கினம்தானே. இவற்ர தங்கச்சி ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறா, மாசத்தில ஒருக்கா ஒரு பெட்டி பிஸ்கட்டோட வருவா, பத்து நிமிசம் இருந்திட்டு "மச்சாள் நீங்கள் இரும்பு, நானெண்டா செத்திருப்பன்" எண்டு சொல்லிப்போட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போடுவா. சொந்த அண்ணன். சபை ஆக்கள் முதல் ரெண்டு மாசமும் வந்து பாட்டுப் படிச்சு ஜெபிச்சவை, இப்ப படலையடியோட விசாரிப்பு. அதில ஒரு ஆள் வீட்டில ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கு, அதாலதான் சுகம் வரேல்லை எண்டு ஜெபக்கூட்டத்தில வைச்சே சொன்னது, எனக்கு எப்பிடி இருந்திருக்கும். கனடாவில இருக்கிற என்ர தம்பி காசு அனுப்புறான், இல்லையெண்டு சொல்லேலாது, ஆனா விடிஞ்சா வட்சப்பில வசனம். எனக்கு வசனம் தெரியாதே, ஒருக்கா வந்து அத்தானைத் தூக்கி இருத்தட்டும் பாப்பம்.

எங்கட அம்மா 95இல சண்டையால யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயரேக்க நாலு பிள்ளையளையும் கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவ, ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" எண்டு 121ம் சங்கீதத்தைத்தான் சொல்லிச் சொல்லி நடந்தவ. நான் அவவின்ர மகள், எனக்கும் அந்தப் பெலன் இருக்கு. ராவில இவருக்குக் குளிசை குடுத்திட்டு ஒன்பது மணிக்குச் சின்ன அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தி ஜெபத்தில இருப்பன், இப்ப கொஞ்ச மாசமா வாயில ஒண்டும் வாறேல்லை, சுவரைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு பதினொரு மணிக்கு எழும்பி வாறன், இரட்சிப்பையே இழந்துபோனனோ எண்டும் சில நேரம் யோசினை வரும், அது கிடக்கட்டும், மகள் ஓஎல் சோதினைக்குப் படிக்கிறாள், நல்ல பிள்ளை, நான் ஜெபத்தில எண்டு கதவு தட்டாமத் தேத்தண்ணியை வெளியில வைச்சிட்டுப் போடுவாள். ஆனா மச்சாளுக்கு ரெண்டு வளந்த பொம்பிளைப் பிள்ளையள், ஒரு நாளைக்கு அதுகளையெண்டாலும் அனுப்பலாம்தானே?

மச்சாளோட கதை பேச்சை விடட்டோ? வேற சபைக்குப் போகட்டோ? நீங்கள்தான் சொல்லவேணும்.

மானிப்பாயில இருந்து ஒரு சகோதரி

---

தங்கச்சி,

அரைவாசிக் கடிதத்தை மச்சாளுக்குக் குடுத்திட்டு உங்களுக்கெண்டு ஒரு வரிதான் வைச்சிருக்கிறியள், அதையும் "அது கிடக்கட்டும்" எண்டு மூடிப்போட்டியள். அது கிடக்கக்கூடாது. நான் அதைத்தான் எடுக்கப்போறன்.

ஒன்பதில இருந்து பதினொரு மணி வரைக்கும் ஒரு கதவு சாத்திக் கிடக்குது. உள்ள நீங்கள் சுவரைப் பாக்கிறியள். வெளியில ஒரு பிள்ளை, அம்மா ஆண்டவரோட கதைக்கிறா, குழப்பக்கூடாது எண்டு தேத்தண்ணியை நிலத்தில வைச்சிட்டுப் போகுது. அவளுக்கும் அப்பா விழுந்துபோனவர்தானே? அவளுக்கும் ஓஎல் வருகுதுதானே? அவள் உங்களைத் தட்டாதது நல்ல பிள்ளை எண்டதால மட்டும் இல்லை. இந்த வீட்டில கஷ்டத்தை ஆண்டவரிட்ட மட்டும்தான் சொல்லலாம், மனுசரிட்ட சொல்லக்கூடாது எண்டு உங்களிட்ட இருந்துதான் அவள் படிச்சிருக்கிறாள்.

கோவிக்காதேங்கோ, இன்னும் ஒண்டு சொல்லுறன். ஒருத்தரும் உதவேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். ஆனா கேட்ட ஆக்களுக்கு நீங்கள் குடுத்த பதில் என்ன? கர்த்தர் பெலன் தாறார். அதுக்கு மேல ஒரு மனுசர் என்ன செய்யிறது, ஆண்டவரோட போட்டிக்கு வரேலுமோ? மச்சாள் உங்களை இரும்பு எண்டது பிழைதான், ஆனா அந்த இரும்பை நீங்களும் கொஞ்சம் மினுக்கித்தான் வைச்சிருக்கிறியள்.

விறாந்தையில கொழுவின வசனத்துக்கு அடுத்த வசனம் என்னெண்டு ஞாபகமிருக்கோ? "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." எல்லாத்தையும் செய்யப் பெலனுண்டு எண்டு எழுதின அதே பவுல், அதே மூச்சில. அவர் அதை எழுதேக்க சிறையில. பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின்ர கையில சாமான் குடுத்து அனுப்பினது, அவர் வந்த இடத்தில வருத்தமாகிச் சாகக் கிடந்தவர், அதெல்லாம் அந்தக் கடிதத்திலயே இருக்கு. கிறிஸ்து தந்த பெலன் பவுலுக்கு ஒரு மனுசன்ர கையாலயும் வந்தது, அவர் அதைக் கூச்சப்படாம வாங்கினவர். எங்கட ஆக்கள் 13ஐ மட்டும் வெட்டிப் பிரேம் போட்டிட்டம்.

95 ஒக்டோபர் 30 இரவு நானும் அந்த ரோட்டில நிண்டனான் தங்கச்சி. அடி எடுத்து வைக்க இடமில்லை, மழை, தாகத்துக்குக் குடையைக் கவிட்டுப் பிடிச்சுத் தண்ணி ஏந்திக் குடிச்சது எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. என்ர தம்பியை முன்பின் தெரியாத ஒரு மனுசன் தோளில வைச்சுக்கொண்டு வந்தவர், பேர்கூடத் தெரியாது. உங்கட அம்மா சங்கீதம் சொன்னவ எண்டதை நம்புறன், ஆனா நாலு பிள்ளையளையும் அவ தனியத் தூக்கினவவோ? ஆரோ ஒருத்தர் ஒண்டைப் பிடிச்சிருப்பினம், உங்களுக்குச் சங்கீதம்தான் ஞாபகத்தில நிண்டிருக்கு. அவ அழேல்லை எண்டுறியள். நீங்கள் காணேல்லை எண்டு சொல்லுங்கோ. இன்னும் முப்பது வருசத்தால உங்கட மகளும் என்ர அம்மா அழவே இல்லை எண்டு ஆருக்கோ இப்பிடி ஒரு கடிதம் எழுதப்போறாள், சுவரைப் பாத்தது அவளுக்கு எப்பிடித் தெரியும்?

இரட்சிப்பை இழந்துபோனனோ எண்ட பயத்துக்கு வாறன். கிருபையால எண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லுறம், திங்கட்கிழமை எழும்பின உடன அதை உழைச்சு எடுக்கப் பாக்கிறம், இது உங்களுக்கு மட்டும் உள்ள வருத்தமில்லை. ஜெபம் வராதது விசுவாசம் போனதால எண்டு ஏன் நினைக்கிறியள்? ஒண்டரை வருசம் ஒரு ஆளைத் தூக்கித் தூக்கிக் களைச்ச உடம்பில சொல்லும் வராது, அழுகையும் வராது. ரோமர் 8:26ல வாக்குக்கடங்காத பெருமூச்சு எண்டு ஒண்டு இருக்கு, நீங்கள் அந்தச் சுவருக்கு முன்னால இருந்து விட்ட மூச்சும் அந்தக் கணக்கில சேராது எண்டு ஆர் சொன்னது?

நித்திரையும் சாப்பாடும் எப்பிடி எண்டு நீங்கள் எழுதேல்லை. ரெண்டும் குழம்பியிருந்தா, எதிலயும் மனம் ஒட்டேல்லை எண்டா, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில ஒருக்காக் காட்டுங்கோ, அத்தானின்ர கிளினிக்குக்குப் போறியள்தானே, அதே மாதிரித்தான் இதுவும். இரவில தாங்கேலாமப் போனா மனநல உதவி இலக்கம் 1926க்கு போன் எடுத்துக் கதைக்கலாம். உது அவிசுவாசம் இல்லை.

பாவம் எண்டு சொன்ன ஆளுக்கு யோவான் 9ம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கோ, பிறவிக் குருடன் அப்பிடி இருந்தது ஆற்ர பாவத்தாலயும் இல்லை எண்டு இயேசு அதில சொல்லுறார், அதுக்காகச் சபை மாறத் தேவையில்லை.

இண்டைக்கு இரவு கதவைச் சாத்தாதேங்கோ. பிள்ளை தேத்தண்ணி கொண்டுவரேக்க உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கோ, "அம்மாவுக்கு ஜெபம் வருகுதில்லையடி" எண்டு அப்பிடியே சொல்லுங்கோ. அவள் பயப்பிடுவாள் எண்டு நினைப்பியள். அவள் ஏற்கனவே பயந்துதான் இருக்கிறாள், தனிய.

மச்சாள் அடுத்த முறை பிஸ்கட்டோட வரேக்க, அவ வாயைத் திறக்க முதல் நீங்கள் கேளுங்கோ: "சனிக்கிழமை மூண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் அண்ணாவோட இருங்கோ, நான் படுக்கவேணும்." சாடைமாடையா இல்லை, நாளும் மணியும் சொல்லி. மாட்டன் எண்டா எனக்கு எழுதுங்கோ, ரெண்டு பேருமாச் சேந்து கோவிப்பம்.

அன்புடன்,
அக்கா