கணக்குப் பார்க்காமல்

கேள்வி: லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பாடுபட்ட 'கிட்ஸ் கம்பெனி' என்ற தொண்டு நிறுவனம் 2015-இல் மூடப்பட்ட கதையைப் படித்தேன். கணக்குப் பார்க்காமல் சேவை செய்த ஓர் அம்மையாரை, அரசுப் பணத்துக்குக் கணக்குக் கேட்டே முடக்கிவிட்டார்களே, இது நியாயமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கேள்வியில் 'கணக்குப் பார்க்காமல்' என்று வருகிறதே, அதற்கும் எனக்கும் நெடுநாள் பகை. இந்தப் பக்கத்திலேயே இரண்டு மூன்று தடவை சண்டை போட்டிருக்கிறேன். வள்ளல் என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது, சேவை என்றால் கணக்குக் கேட்கக் கூடாது என்று எங்கிருந்து பிடித்துக்கொண்டோம்?

நீங்கள் திண்டுக்கல்காரர். உங்கள் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனால் மேசை போட்டு மொய் நோட்டோடு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், ஒருவர் எழுதுவார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால் 'டீக்கடை முருகேசன்' என்று தெளிவாக எழுதுவார்கள். இருபது வருஷம் கழித்து முருகேசன் வீட்டில் விசேஷம் வந்தால், பீரோவிலிருந்து அந்த நோட்டு வெளியே வரும். "என்னை நம்பாமலா எழுதுகிறீர்கள்?" என்று யாராவது கோபித்துக்கொண்டு போனதுண்டா? எழுதாமல் விட்டால்தான் கோபம் வரும். சொந்தபந்தத்துக்குள் இவ்வளவு கறாராக இருக்கிற நாம், பொதுப்பணம் என்றதும் நோட்டைக் கேட்பதே பாவம் என்கிறோம்.

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலுக்காகத்தான் அதைப் பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் 'கணக்குக் காட்டாதே இருந்தாரை' மறுபடி குடவோலையில் சேர்க்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களையும் சேர்க்கக் கூடாது. அது பிராமணர்கள் மட்டும் உட்கார்ந்த சபை, எல்லாருக்குமான ஜனநாயகம் இல்லை. ஆனால் அந்த விதி எனக்கு வேண்டும்.

சரி, கிட்ஸ் கம்பெனிக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். கணக்குக் கேட்டதால் அது மூடப்படவில்லை. பல வருஷம் கேட்க வேண்டிய விதத்தில் யாரும் கேட்கவில்லை.

கமீலா பாட்மங்கெலிஜ் 1996-இல் தெற்கு லண்டனில் அதைத் தொடங்கினார். வீட்டில் அடிபட்ட பிள்ளை, பசித்த பிள்ளை, யார் வந்து நின்றாலும் சேர்த்துக்கொள்வது அவருடைய கொள்கை. யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அந்த மனசை நான் மதிக்கிறேன். பிரிட்டனின் மத்திய அரசிடமிருந்து மட்டும் குறைந்தது 4.2 கோடி பவுண்டு மானியமாகப் போனது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2015-இல் சொன்னது. ஆண்டுச் செலவு 2 கோடி பவுண்டைத் தாண்டியது. கைக்காவலாக ஒதுக்கிவைத்தது? சொல்லிக்கொள்கிற அளவுக்கு எதுவும் இல்லை. வந்தது வந்தபடி செலவு. 36,000 பேருக்கு உதவுவதாகச் சொன்னார்கள். மூடிய பிறகு உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்த பெயர்கள் 2,000-ஐ எட்டவில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து தொண்டையை அடைக்கிறது. முப்பது வயதில் ஒரு மாணவர் விடுதியின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். அரசு மானியம் மார்ச் மாதம்தான் வரும். பிள்ளைகளுக்குப் பசி ஜூனிலேயே வந்துவிடும். நடுவில் எங்களை ஓட்டியது மளிகைக்கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு. அந்த வருஷம் செயலாளர் இன்னும் பன்னிரண்டு பையன்களைச் சேர்க்கலாம் என்றார். "வாசலில் வந்து நிற்கிற பிள்ளையை எப்படிப் போகச் சொல்வது?" என்று கேட்டார். நானும் கையைத் தூக்கினேன். ஜனவரியில் அண்ணாச்சி நோட்டை மூடி மேசைமேல் வைத்து, "தம்பி, எனக்கே சரக்குப் போட மாட்டேங்கிறாங்க" என்றார். அந்த வாரம் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பையன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "சார், ஹாஸ்டலை மூடிடுவீங்களா?" என்று கேட்டான். பன்னிரண்டு பேரைச் சேர்த்த எங்கள் கருணை, ஏற்கெனவே இருந்த அறுபது பேரின் தட்டில் கை வைத்திருந்தது. ஒரு டாக்டர் கொடுத்த கைமாற்றில் விடுதி பிழைத்தது. அப்புறம் சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டினோம். இன்னும் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்று வார்டன் தினமும் அதில் எழுதுவார்.

கிட்ஸ் கம்பெனியில் அந்தச் சிலேட்டு இல்லை. 2015 கோடையில் மறுபடியும் 30 லட்சம் பவுண்டு கேட்டார்கள். அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளர் ரிச்சர்ட் ஹீட்டன், இது பணத்துக்கேற்ற பலன் தராது என்று எழுத்தில் மறுத்தார். ஆலிவர் லெட்வின், மேத்யூ ஹான்காக் என்ற இரண்டு அமைச்சர்கள், கொடு என்று எழுத்தில் உத்தரவிட்டார்கள். ஜூலை 30-இல் பணம் போனது. ஆகஸ்ட் 5-இல் கதவு மூடியது.

அதிகாரி எழுத்தில் மறுப்பதும் அமைச்சர் எழுத்தில் பொறுப்பேற்பதும் அங்கே ஒரு முறை. நம் ஊர்க் கோப்புகளிலும் அது வழக்கமாக வேண்டும் என்று ரொம்ப நாளாக எழுதிவருகிறேன். இங்கே மானியம் வாங்குகிறவருக்கு, பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தேன் என்று யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. கொடுத்தவர் ஏன் கொடுத்தார் என்று எந்தக் காகிதமும் வெளியே சொல்வதில்லை. நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் வருஷத்துத் தணிக்கைச் சட்டப்படி, ஒரு நிறுவனத்துக்கு அரசு தருவது 25 லட்சத்துக்குக் குறையாமல், அதன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருந்தால் சி.ஏ.ஜி. என்கிற தலைமைத் தணிக்கையாளர் கணக்குப் பார்க்கலாம். அரசுப் பணத்தைப் பெரிதும் நம்பியிருக்கிற தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை பேர் ஒரு மனு போட்டிருப்போம்?

அந்த அம்மையாருக்கு நியாயம் கேட்டீர்கள். அதையும் சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் நிறுவனத்தின்மேல் கிளம்பிய பாலியல் புகார்களில் குற்றத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று போலீஸ் 2016 ஜனவரியில் விசாரணையை முடித்தது. அவரையும் அறங்காவலர்களையும் பதவி வகிக்கத் தடைசெய்யக் கோரிய வழக்கை 2021-இல் நீதிபதி ஃபால்க் தள்ளுபடி செய்தார். அந்தப் புகார்கள் வராமல் இருந்திருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். அது நடத்தப்பட்ட விதத்தில் ஆபத்து அதிகம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். கமீலா 2024 ஜனவரி 1-இல் இறந்துபோனார். அவர் திருடினார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு மனசு ஆறாதது அந்த ஆகஸ்ட் மாத நாள்தான். மூன்று மாதச் செலவுக்கு ஒரு தொகை தனியாக இருந்திருந்தால், புகார் வந்த அன்றே நன்கொடையாளர்கள் விலகிப் போயிருந்தாலும், ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அடுத்த இடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.