திடீரென வளரும் இடிமேகத்தைச் செயற்கைக்கோள் படத்தில் இனங்காண்பது: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

காசிமேடு, தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைத் தாமே பார்த்துப் புரிந்துகொள்ள விரும்பி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கைக்கு இது மாற்று அன்று. அந்த எச்சரிக்கை எதைப் பார்த்துத் தரப்படுகிறது என்று அறிந்தவர், அதை இன்னும் கவனமாகக் கேட்பார் என்று நம்புகிறேன்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி: சார், படத்தில் அடர்சிவப்பாகத் தெரியும் இடத்தில்தான் பலத்த மழை பெய்கிறது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. நீங்கள் பார்ப்பது அகச்சிவப்புப் படம், அதாவது மேகம் வெளியிடும் வெப்பக் கதிர்களைப் பதியும் படம். அது மழையை அளப்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையே அளக்கிறது. மேகம் உயர உயர அதன் உச்சி குளிர்கிறது. நம் பகுதியில் வளர்ந்து முதிர்ந்த இடிமேகத்தின் உச்சி மைனஸ் 70, மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் வரை செல்வதுண்டு. அந்த எண்களுக்குச் சிவப்பையோ ஊதாவையோ தேர்ந்தெடுப்பவர் படத்தை உருவாக்குபவர். எனவே ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்புவது தவறு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மழை கொட்டி ஓய்ந்த பிறகும் மேகத்தின் தலைப்பகுதி பனித்துகள்களாக மேலே பரவி, பல மணி நேரம் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே மாவட்டம் முழுவதையும் மூடிய பெரிய சிவப்புப் பரப்பு ஓய்ந்துகொண்டிருக்கும் மழையாகவும், அதன் பக்கத்தில் கூர்மையான விளிம்போடு தெரியும் சிறிய உருண்டைப் புள்ளி வரப்போகும் மழையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது குளிரும் வேகம்தான். 15 நிமிடத்தில் மேக உச்சி 4 டிகிரி குளிர்ந்தால் அது வளர்கிறது என்றும், 8 டிகிரியோ அதற்கு மேலோ குளிர்ந்தால் மிக வேகமாக வளர்கிறது என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உச்சி பூஜ்ஜியம் டிகிரியைக் கடந்து குளிரத் தொடங்குவதைக் கவனித்தால், ரேடாரில் பலத்த எதிரொலி (மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலை) தெரிவதற்கு அரைமணி நேரம் வரை முன்னதாகவே அறிகுறி கிடைக்கலாம். தனிப் படம் ஒன்றை வைத்து ஒருபோதும் முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது மூன்று படங்களை வரிசையாகப் பாருங்கள்.

மணலி, சிறுதொழில் நடத்துபவர்: ஐயா, 2025 ஆகஸ்ட் 30 இரவு எங்கள் பகுதியில் மேகவெடிப்பு ஏற்பட்டு சுமார் 27 செ.மீ. மழை கொட்டியது. செயற்கைக்கோள் படத்தில் அதை முன்பே பார்த்திருக்க முடியாதா?

இடிமேகம் வளர்வதைப் பார்க்க முடியும். அது மணலியின் மேல்தான் கொட்டும் என்பதைப் பார்க்க முடியாது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை, ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்தால் அதை மேகவெடிப்பு என்கிறார்கள். நம் நாட்டு வானிலைச் செயற்கைக்கோள்களான இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் ஆகியவற்றின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு படப்புள்ளி 4 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்டது, அதாவது 16 சதுர கிலோமீட்டர். ஒரு மேகவெடிப்பு முழுவதும் அந்தப் படத்தில் இரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. மேகத்தின் தலைப்பகுதி விரிந்த பிறகோ மாதவரமும் மணலியும் திருவொற்றியூரும் ஒரே நிறமாகிவிடும்.

ஆனாலும் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மாலையில் உள்மாவட்டங்களிலோ ராயலசீமையிலோ உருவாகும் இடிமேகங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி நம்மிடம் வருகின்றன. அதே வேளையில் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து வலுவான கீழைக்காற்று வீசுவதால், அவற்றின் தலைப்பகுதி மேற்கு நோக்கி இழுபடுகிறது. படத்தைப் பார்ப்பவர் மேகம் மேற்கே விலகிப் போகிறது என்று எண்ணி நிம்மதி அடைந்துவிடுவார். அந்தப் பருவத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது கிழக்கு விளிம்பை. அது கூர்மையாக இருந்து, அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில் மிகக் குளிர்ந்த புள்ளி புதிது புதிதாகத் தோன்றினால், மேகம் நகராமல் அங்கேயே மீண்டும் மீண்டும் பிறக்கிறது என்று பொருள். குறுகிய நேரத்தில் பெருமழை கொட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்போது உடனே ரேடார் படத்துக்குச் செல்லுங்கள்.

காசிமேடு, விசைப்படகு உரிமையாளர்: ஐயா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஹிமாவாரி படத்தில் மேகம் திருவள்ளூர் மேல் நிற்கிறது. ஆனால் இங்கே துறைமுகத்தில்தான் இடி இடிக்கிறது. படம் பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை, சாய்வாகப் பார்க்கிறது. ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமாவாரி ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கே 140.7 டிகிரி தீர்க்கரேகையில் நிற்கிறது. சென்னையோ 80 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது உயரமான மேகத்தின் உச்சி, அதற்கு அப்பால் மேற்கே உள்ள நிலத்தின் மேல் விழுவது போலத் தெரியும். 16 கிலோமீட்டர் உயர மேகத்துக்கு நான் கணக்கிட்டுப் பார்த்ததில் இந்த விலகல் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. காசிமேட்டுக்கும் திருவள்ளூருக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே ஹிமாவாரி படத்தில் கரையோரமாகத் தெரியும் உயர்ந்த இடிமேகம் உண்மையில் கடலுக்குள் நிற்கிறது. இன்சாட் வரிசை நம் தீர்க்கரேகைக்கு அருகே, நிலநடுக்கோட்டுக்கு மேலே இருப்பதால், அதில் விலகல் நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் வடக்கு நோக்கி. வளரும் வேகத்தை ஹிமாவாரியிலும் இடத்தை இன்சாட்டிலும் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

அவரே: புயலாக மாறுவதையும் இப்படிக் கண்டுகொள்ளலாமா?

ஓரளவுக்குத்தான். மேகப்பட்டைகள் மையத்தைச் சுற்றி எவ்வளவு வளைந்திருக்கின்றன என்பதை வைத்துப் புயலின் வலிமையை மதிப்பிடும் முறையை வெர்னன் டிவோராக் 1970களில் உருவாக்கினார். இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது. ஆனால் 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் முற்பகலிலேயே ஒக்கி புயலாகிவிட்டது. கடலில் இருந்தவர்களுக்குத் திரும்ப நேரமே கிடைக்கவில்லை. பல நாள் தங்கலுக்குப் போகும் படகு, புறப்படும்முன் பார்த்த படத்தை நம்பிக் கடலில் நிற்கக் கூடாது. கைபேசி எட்டாத இடத்தில் விஎச்எஃப் வானொலித் தொடர்புக் கருவியும், செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டரும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். இதை உங்களிடம் மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணூர், பள்ளி ஆசிரியை: வடகிழக்குப் பருவத்தில் மேகம் அவ்வளவு குளிர்ந்ததாகத் தெரியாதபோதும் விடாமல் கொட்டுகிறதே, ஏன்?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. பலரும் ஏமாறும் இடம் இது. வாடைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் நாட்களில், அதிக உயரம் போகாத மேகமே பனித்துகள்களின் துணையின்றிப் பெருந்துளிகளை உண்டாக்கிவிடுகிறது. பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று, கடலிலிருந்து வரும் வாடையைக் கரையருகே எதிர்கொள்வதால், அங்கே மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஒரே பகுதிக்குள் நுழைகின்றன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது சென்னை மூழ்கியதற்கும், மழைப்பட்டைகள் நம்மை விட்டு நகராமல் நின்றதே பெருங்காரணம். இந்தப் பருவத்தில் செயற்கைக்கோள் படத்தை இரண்டாவதாக வைத்து, சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் உள்ள டாப்ளர் ரேடாரின் படத்தை முதலில் பாருங்கள். மேகத்துக்குள் இருக்கும் துளிகளை அதுதான் காண்கிறது.

வியாசர்பாடி, பள்ளி மாணவர்: இரவில் சில படங்கள் முழுக்கக் கறுப்பாக இருப்பது ஏன்?

அவை சூரிய ஒளியில் எடுக்கப்படும் படங்கள், தம்பி. இரவில் அகச்சிவப்புப் படத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ராயபுரம், ஆட்டோ ஓட்டுநர்: சார், படத்தில் போட்டிருக்கும் நேரம் நம் நேரத்தோடு பொருந்தவில்லையே?

அது உலகப் பொதுநேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 0930 என்று இருந்தால் நமக்குப் பிற்பகல் 3 மணி. இன்சாட் ஒரு முழுப் படத்தை எடுக்கவே ஏறக்குறைய 26 நிமிடம் ஆகிறது. அதன் பிறகே அது செயலாக்கப்பட்டு வெளியாகிறது. அதற்குள், 15 நிமிடத்துக்கு 8 டிகிரி வீதம் குளிரும் மேகம் இன்னும் 16 டிகிரி குளிர்ந்து, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். சவாரி எடுப்பதா வண்டியை மேட்டில் நிறுத்துவதா என்று முடிவு செய்யும்போது அந்த அரைமணி நேர வளர்ச்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.