பட்டறைப் பதில்கள்: அணையாத ஏர்பேக் விளக்கு

கேள்வி: எங்கள் கார் 2018 மாடல், ஆறு ஏர்பேக் உள்ளது. போன மாதம் வாக்குவம் கிளீனர் வைத்து சீட்டுக்கு அடியில் சுத்தம் செய்தேன். மறுநாளிலிருந்து டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு பட்டறையில், "ஏர்பேக் கம்ப்யூட்டர் போச்சு, மாத்த 35 ஆயிரம் ஆகும்" என்கிறார்கள். இன்னொருவர், "பல்பைக் கழட்டிடலாம், வண்டி நல்லாத்தானே ஓடுது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதீங்கம்மா. முதல் ஆள் ஸ்கேனர் (வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடாமலே சொல்லியிருந்தால், ஜுரம் பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறித்த கதைதான். இரண்டாவது ஆள் சொன்னது அதைவிட மோசம். அந்த விளக்கு எரிந்தால், பல வண்டிகளில் எல்லா ஏர்பேக்கும் சேர்ந்து படுத்துவிட்டது என்று அர்த்தம். எங்கேயாவது இடித்தால் விரியாது.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பல வண்டிகளில் சைடு ஏர்பேக், சீட்டின் சாய்மானத்துக்குள் ஓரமாக இருக்கும். அதற்குப் போகும் வயர், சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டரில் சேரும். வாக்குவம் குழாய் அதில் இடித்திருக்கலாம், சீட்டை முன்னே பின்னே தள்ளியதில் வயர் இழுபட்டிருக்கலாம். ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் திரியின் மின்தடை சுமார் 2 ஓம்தான். கனெக்டர் ஊசியில் கொஞ்சம் பச்சைக் களிம்பு பிடித்தாலே கணக்கு தப்பிவிடும், உடனே விளக்கு வந்துவிடும். உங்கள் ஏரியா வேறு, மழைத் தண்ணீர் தேங்கும் வேளச்சேரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் அயனாவரம் பட்டறைக்கு வந்த வண்டிகளில், மேலே காய்ந்திருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு சொதசொதவென்று இருக்கும். தண்ணீர் புகுந்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

நான் செய்வது இதுதான். முதலில் ஸ்கேனர் வைத்து எந்தச் சீட், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வேன். ஏர்பேக் கோட் (கோளாறைச் சொல்லும் குறியீடு) படிக்கிற ஸ்கேனராக இருக்க வேண்டும். இன்ஜின் கோட் மட்டும் காட்டும் மலிவு சாமானை வைத்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்பார்கள். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் டீ குடிக்கப் போய்விடுவேன். பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிய வேண்டும். பிறகு மஞ்சள் கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை மாட்டுவேன். பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கடைசியாக ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் குறியீட்டை அழிக்க வேண்டும். சில வண்டிகளில் அழிக்காமல் விளக்கு அணையாது.

படிக்கிற தம்பிகள் யாராவது மின்தடை அளக்க மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால், கீழே வையுங்கள். ஏர்பேக் முனையில் அதை வைத்தால், அதிலிருந்து போகும் சின்னக் கரன்டிலேயே வெடிக்கக்கூடும்.

ஸ்கேனர், ஸ்டீயரிங்கில் இருக்கும் டிரைவர் ஏர்பேக் என்று காட்டி, கூடவே ஹார்னும் ஸ்டீயரிங் பட்டன்களும் வேலை செய்யாவிட்டால் அது கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா மாதிரியான கேபிள், அறுந்துபோயிருக்கும். புதிதாக வாங்கிப் போடுங்கள். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் எனக்கு எல்லாம் பிடிக்கும், ஏர்பேக் சாமான் மட்டும் பழசு வாங்க மாட்டேன்.

இன்னொன்று, சீட் கவர் போட்டிருக்கிறீர்களா? சைடு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு இறுக்கமாக ரெக்ஸின் தைத்துவிட்டால், ஏர்பேக் வெளியே வர வழி இருக்காது.

கேள்வி: மதுரையில் ஒரு பழைய கார் பார்த்தேன், 2018 மாடல். சாவி போட்டபோது மற்ற விளக்கெல்லாம் வந்தது, ஏர்பேக் விளக்கு மட்டும் வரவே இல்லை. "ஃபால்ட் இருந்தாத்தானே சார் வரும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் எந்த வேரியன்ட் என்று பாருங்கள். டிரைவர் ஏர்பேக் எல்லா புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். அதனால் 2018-இன் அடிமட்ட மாடலில் ஏர்பேக்கே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் விளக்கும் இருக்காது.

ஸ்டீயரிங் நடுவில் எஸ்.ஆர்.எஸ். (ஏர்பேக் இருப்பதைக் காட்டும் எழுத்து) அல்லது ஏர்பேக் என்று அச்சிட்டிருந்து விளக்கு வரவில்லை என்றால் கதை வேறு. சாவி போட்டதும் சில விநாடி எரிந்து, தானாக அணைய வேண்டும். வரவே வரவில்லை என்றால், விளக்கை யாரோ மறைத்திருக்கலாம், அல்லது கழற்றியிருக்கலாம். பெரிய இடி வாங்கி ஏர்பேக் வெடித்த பிறகு, புதிதாகப் போடாமல் வெறும் மூடியை ஒட்டிய வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அதே மின்தடை காட்டும் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி, கம்ப்யூட்டரை ஏமாற்றி, விளக்கு சரியாக எரிந்து அணைகிற மாதிரி செய்பவர்களும் உண்டு. அதனால் விளக்கு ஒழுங்காக வந்தாலும் ஸ்டீயரிங் மூடியின் நிறம், டாஷ்போர்டு மேல்பக்கத் தையல், சீட் பெல்ட் இழுபடும் விதம் இவற்றையும் கவனியுங்கள். பெரிதாக இடித்த வண்டியில் பெல்ட் பாதியில் இறுகி நின்றிருக்கலாம்.

ஸ்கேனர் வைக்கச் சம்மதிக்கவில்லை என்றால், திருச்சி பஸ் ஏறிவிடுங்கள்.