43-இல் 18 போனால் 35: மூன்றாம் வகுப்புக் கணக்கைத் திட்டமிடுவது பற்றி

"மூன்றாம் வகுப்புக்குப் புதிதாகக் கணக்கு எடுக்கப் போகிறேன், பிள்ளைகள் ஆர்வத்தோடு ஈடுபடும்படி பாடத்தை எப்படித் திட்டமிடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்துப் பதினோரு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் நானும் ஆர்வம் என்பதை வண்ணத்தாளிலும் பசையிலும்தான் தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்துத் தெர்மாகோலில் ஒரு கழித்தல் ரயில் செய்துகொண்டு போனேன். பெட்டிகளைக் கழற்றுவதற்குப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள், பக்கத்து வகுப்பிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் 43 − 18 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, பாதிப் பேருக்கு மேல் 35 என்று விடை எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமியை அழைத்து எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "மூணுல எட்டு போகாது டீச்சர், அதான் எட்டுல மூணு எடுத்தேன்" என்றாள். அவள் கவனமில்லாமல் செய்யவில்லை. 'பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணை எடுக்க வேண்டும்' என்று ஒன்றாம் வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்திருந்தாள்.

அன்றிலிருந்து பாடக்குறிப்பு எழுதும்போது, இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எந்தத் தவறான விடைக்குப் போவார்கள், என்ன நினைத்து அங்கே போவார்கள் என்பதைத்தான் முதலில் எழுதிக்கொள்கிறேன். வகுப்பில் 35, 25 ஆகிய இரண்டு விடைகளையும் பலகையில் எழுதிவிட்டு, எது சரி என்று சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வேன். தன் விடைக்காக ஒரு பிள்ளை வாதாடத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு ஆர்வத்தை நாம் தனியாக ஊட்ட வேண்டியதில்லை.

வாதத்தைத் தீர்ப்பதற்கு எங்களிடம் இருப்பது ஈர்க்குச்சிகள்தான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டுகளும் மூன்று உதிரிக் குச்சிகளும் 43. உதிரியில் எட்டு இல்லாததால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். இங்கே ஒரு நிமிடம் நின்று, "பிரித்த பிறகு மொத்தம் எத்தனை குச்சி இருக்கிறது?" என்று கேளுங்கள். முதல்முறை நான் கேட்டபோது ஒரு பையன், "ஒரு கட்டு போயிடுச்சே டீச்சர், குறைஞ்சிடும்" என்று உறுதியாகச் சொன்னான். இன்னும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னேன். 43-இல் எண்ணிக்கை நின்றபோது, அவன் நம்பாமல் இன்னொரு முறை எண்ணினான். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் பிள்ளைக்கு உள்ள சிக்கல் இதுதான்: கட்டைப் பிரித்தாலும் எண் மாறுவதில்லை என்பதை அது இன்னும் நம்பவில்லை. 40 நிமிடப் பாடவேளையில் 20 நிமிடம் இதற்கே போனாலும் போகட்டும். கழித்தல் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் மீன் வியாபாரம். துறைமுகத்தில் தன் அம்மாவோடு கூறு போட்டு விற்கும் இடத்தில் உட்காரும் ஒருவனிடம், 180 ரூபாய்க்கு மீன் வாங்கியவர் 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு தருவாய் என்று கேட்டேன். "இருபது போட்டா இருநூறு, முந்நூறு போட்டா ஐநூறு, அப்ப முந்நூத்தி இருபது" என்று கண் இமைக்காமல் சொன்னான். அதையே 500 − 180 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தபோது 480 என்று விடை எழுதினான். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவர்களிடம் செய்து 1985-இல் வெளியான ஆய்வில், வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக இருந்தன. அதே கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சுமார் 37 விழுக்காடுதான் சரியாக வந்தன. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. பள்ளிக் கணக்கு மட்டும் தெரிந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டியது. எனவே மீன்கார வீட்டுப் பையனின் வழியைப் பலகையில் ஒரு கோடாக வரைந்து, 180, 200, 500 என்று குறித்து, வகுப்பு முழுவதற்கும் அவனையே விளக்கச் சொன்னேன். அதன் பிறகு அவனே தன் 480-ஐப் பார்த்துச் சிரித்தான்.

தமிழ் எண்ணுப்பெயர்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல ஆசிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை. எண்பது வரை பத்தின் ஓசையோடு வந்த பெயர் தொண்ணூறு என்ற இடத்தில் நூறுக்குத் தாவிவிடுகிறது; தொள்ளாயிரத்துக்குள்ளும் அதேபோல ஆயிரம் ஒளிந்திருக்கிறது. 'தொண்ணூற்றெட்டு' என்று சொன்னால் 108 என்று எழுதும் பிள்ளையும், 'நூற்றைந்து' என்றால் 1005 என்று எழுதும் பிள்ளையும் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை.

தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கேற்ற செயல்பாடுகள் கிடைக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் வகுப்பில் யார் 35 என்று எழுதுவார்கள் என்பதைப் பயிற்சி நூல் சொல்லாது. பாடல், தாயம், பல்லாங்குழி எல்லாம் நல்லவைதான். கற்ற ஒன்றைப் பழக்கப்படுத்த அவை உதவும், புதிய ஒன்றை அவற்றில் தொடங்க நான் தயங்குவேன்.

ஜூன் மாதம் முதல் வாரத்தில் பாடநூலைத் திறக்காமல் 98, 105, 43 − 18 ஆகிய மூன்றை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுத வைத்துப் பாருங்கள். கூடவே வீட்டில் தேய்ந்த தென்னந்துடைப்பம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு நூறு குச்சி வேண்டும். ஒரே அளவாக நறுக்கிக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், ஏனென்றால் தானே எண்ணிக் கட்டிய கட்டில் பத்து இருக்கிறது என்பதை எந்தப் பிள்ளையும் சந்தேகிக்காது.