கேசட்டிலிருந்து கணினிக்கு: ஒலிக்கோப்புகள் குறித்த கேள்வி பதில்

நீலகிரி மாவட்ட உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோத்தகிரியில் பல ஆண்டுகளாகப் பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றி வரும் உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி (குன்னூர்): 1991-இல் என் பாட்டி பாடிய படுக மொழிப் பாடல்கள் ஒரு கேசட்டில் உள்ளன. நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. இதைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

பதில்: அம்மா, அந்தக் கேசட்டை இப்போதைக்கு எந்தக் கருவியிலும் ஓடவிடாதீர்கள். மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் வீட்டுக்குள் ஈரத்தைத் தேக்கி வைக்கும் நம் மலையில், அந்த வெண்பொடி பெரும்பாலும் பூஞ்சைதான். ஓடவிட்டால் அது கருவியின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் சில வாரங்கள் வைத்து உலரவிடுங்கள். அவசரப்பட்டுக் கரியடுப்பின் அருகில் வைத்துவிட வேண்டாம். சூட்டில் நாடா உருமாறிவிடும். நன்கு உலர்ந்தபின், திருகாணி உள்ள கேசட்டாக இருந்தால் அதைத் திறந்து, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான துணியால் பொடியைத் துடைத்தெடுங்கள்.

பிறகு நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுவதும் ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த சுற்றுகளின் இறுக்கம் அப்போதுதான் சீராகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, டெக்கின் (கேசட்டை இயக்கும் கருவி) லைன் அவுட்டைக் கணினியின் லைன் இன்னில் இணையுங்கள். மைக் துளையில் இணைத்தால் ஒலி சிதையும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) 96 கிலோஹெர்ட்ஸ் என்றும், ஒவ்வோர் அளவின் நுணுக்கத்தை 24 பிட் என்றும் அமைத்து, மிக உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி பதிவு செய்யுங்கள். உச்ச வரம்பை மீறி வெட்டுப்பட்ட ஒலியை முழுமையாக மீட்க முடியாது. 60 நிமிடக் கேசட் ஏறத்தாழ 2 ஜிபி இடம் எடுக்கும். அதை ஃப்ளாக் வடிவில் சேமித்தால், ஒரு துளி ஒலியும் இழக்காமல் கோப்பு சிறிதாகும். ஒரு பிரதியைக் குன்னூரிலும் இன்னொன்றை வெளியூர் உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள். பாட்டியின் குரலை இன்னொரு முறை பதிவு செய்ய வழியில்லை என்பதாலேயே இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி (கூடலூர்): என்னிடம் உள்ள 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளைச் சுருக்கப்படாத வேவ் வடிவுக்கு மாற்றினால் தரம் உயருமா?

பதில்: உயராது. உரத்த ஒலியின் அருகில் ஒலிப்பதால் காதுக்கு எட்டாது என்று கணிக்கும் நுண்ணொலிகளை எம்பி3 நீக்கிவிடுகிறது. நீக்கியவை எந்த மாற்றத்தாலும் திரும்பி வருவதில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பியாக இருந்த கோப்பு, குறுந்தகட்டுத் தர வேவில் 10 எம்பியாகப் பெருகுமே தவிர, கேட்பதற்கு முன்பிருந்தது போலவே இருக்கும். ஆனால் வெட்டி ஒட்டித் திருத்தப் போகிறீர்கள் என்றால், ஒருமுறை வேவாக மாற்றி, எல்லாத் திருத்தங்களையும் அதிலேயே முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் எம்பி3 ஆக்குங்கள். ஒவ்வொரு முறை எம்பி3 ஆகச் சேமிக்கும்போதும் இழப்பு கூடிக்கொண்டே போகும்.

கேள்வி (மஞ்சூர்): ஹெத்தையம்மன் திருவிழாவை இரவு முழுவதும் பதிவு செய்தேன். 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் கோப்பு நின்றுவிட்டது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பில்லை. வழக்கமான வேவ் கோப்பு தன் அளவைக் குறித்துக்கொள்ள 32 பிட் எண்ணையே பயன்படுத்துவதால், அது 4 ஜிபிக்கு மேல் வளர இயலாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் அந்த வரம்பு சுமார் 2 மணி 4 நிமிடத்தில் வந்துவிடும், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஆறே முக்கால் மணி நேரம் தாங்கும். வரம்பு வந்ததும் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கும் வசதி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத ஆர்எஃப்64 வடிவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (உதகை): கோப்பை மாற்றியபின் என் தந்தையின் பேச்சு வேகமாகவும் கீச்சுக்குரலாகவும் கேட்கிறது.

பதில்: பெரும்பாலும், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 என்று எண்ணி மென்பொருள் இயக்குகிறது. அதனால் வேகம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. ஆடாசிட்டியில் அந்தத் தடத்தின் சாம்பிள் ரேட்டை 44,100 என்று திருத்தினாலே போதும்.

கேள்வி (கோத்தகிரி): தகரக் கூரையில் பெய்த மழை, பதிவு முழுவதும் இரைகிறது. நீக்கலாமா?

பதில்: ஐயா, ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு, கேசட்டின் ‘உஸ்’ ஒலி போல ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் நன்கு உதவும். மழை கூடியும் குறைந்தும் பெய்வதால், அதை முழுவதும் அகற்ற முயன்றால் பேச்சு நீருக்கடியில் இருந்து வருவது போலக் குழறும். 6 டெசிபெல் அளவுக்கு மட்டும் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். அதையும் பிரதியில் மட்டுமே செய்யுங்கள். மூலக்கோப்பில் மழை அப்படியே இருக்கட்டும்.